ஏழு நாளில் நாலு காடு: கென்யாவில் எங்கள் கணக்கு தப்பிய கதை

திருச்சிக்காரன்:

போன ஆகஸ்டில் குடும்பத்தோடு கென்யா போய்விட்டு வந்தோம். நான், மனைவி, பன்னிரண்டு வயது மகன், அறுபத்தாறு வயது அம்மா. சம்புரு, நக்குரு ஏரி, மசாய் மாரா, அம்போசெலி என்று ஏழு நாளில் நாலு காடு. திட்டம் போட்டது நான்தான், அதனால் திட்டு வாங்கியதும் நான்தான். அடுத்துப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். போய் வந்தவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் தெரிகிறது. நைரோபியிலிருந்து சம்புரு முந்நூறு சொச்சம் கிலோமீட்டர். திருச்சியிலிருந்து சென்னை போகிற தூரம்தானே என்று நினைத்தேன். நடுவில் நின்று நின்று போனதில் ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. நன்யுகி பக்கத்தில் பூமத்திய ரேகைப் பலகை வருகிறது. அங்கே ஒருவர் ஓட்டைச் சட்டியில் தண்ணீர் ஊற்றி, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு திசையில் சுழல்கிறது, அந்தப் பக்கம் எதிர்த்திசையில் சுழல்கிறது என்று காட்டினார். வித்தை ஊற்றுகிற கையில்தான் இருக்கிறது. ஆனாலும் மகன் வாயைப் பிளந்து பார்த்தான், காசு கொடுத்துவிட்டு வந்தோம்.

சம்புருவில் ஜெரனுக் என்று ஒரு மான். கழுத்தைப் பார்த்தால் ஒட்டகச்சிவிங்கிக்குத் தம்பி முறை. பின்னங்கால்களில் நிமிர்ந்து நின்று, முன்னங்காலால் கிளையை வளைத்துத் தழை தின்கிறது. வலை போர்த்திய மாதிரி உடம்புள்ள ஒட்டகச்சிவிங்கியும், நெருக்கமாக மெல்லிய கோடு போட்ட கிரேவி வரிக்குதிரையும் அங்கே உண்டு. இவை மாராவில் கிடையாது. எங்களுக்குக் கிடைத்தது ஒரு சாயங்காலமும் மறுநாள் காலை இரண்டு மணி நேரமும்தான். கிளம்பி வெளிவாசலை நெருங்கும்போது வாகனத்து ரேடியோ கரகரத்தது. ஆற்றோரம் சிறுத்தை படுத்திருக்கிறதாம். ஓட்டுநர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். நக்குருவுக்கு இன்னும் ஆறு மணி நேரப் பாதை இருந்தது. 'போகலாம்' என்று சொன்னேன். மகன் அன்று இரவுவரை என்னோடு பேசவில்லை.

மாராவில் இரண்டு இரவு. முழுதாகக் கிடைத்த ஒரே நாளை ஆற்றங்கரையில் செலவழித்தோம். எதிர்க்கரையில் ஆற்றைத் தாண்ட வந்த வில்டபீஸ்ட் கூட்டம், மாடு மாதிரி இருக்கும் ஒரு மான் வகை, ஆயிரக்கணக்கில். விளிம்புவரை வரும், தண்ணீரை முகரும், எதற்கோ மிரண்டு திரும்பி ஓடும். இப்படியே நாலு மணி நேரம். லாட்ஜில் கேட்டு வாங்கிய வெறும் சோற்றில் ஊரிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசைந்து வண்டிக்குள்ளேயே சாப்பிட்டோம். அம்மா கடைசிவரை கண்ணை எடுக்கவில்லை. 'கல்யாணப் பந்தி மாதிரிதான்டா. மொதல்ல யாரு உக்காருறதுன்னு எல்லாம் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டு நிக்குதுங்க' என்றார். ஒன்றும் உட்காரவில்லை, திரும்பி வந்துவிட்டோம்.

மறுநாள் விடிவதற்கு முன்பே அம்போசெலிக்குக் கிளம்பினோம். பத்து மணி நேரம். அந்தக் குலுக்கலுக்கு ஓட்டுநர்கள் 'ஆப்பிரிக்க மசாஜ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நரோக் ஊரைத் தாண்டி டீ குடிக்க நிறுத்தியபோது, மாராவில் இருந்த இன்னொரு ஓட்டுநரிடமிருந்து எங்களவருக்கு ஒரு வீடியோ வந்தது. நாங்கள் நின்ற அதே இடம். மொத்தக் கூட்டமும் குதித்துக்கொண்டிருக்கிறது. அவர் பாவம், எங்களிடம் காட்டலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கித்தான் காட்டினார்.

அம்போசெலியில் கிளிமஞ்சாரோ அன்று மாலை முழுக்க மேகத்துக்குள். மறுநாள் காலை ஆறரைக்கு ஒரு இருபது நிமிடம் முழுசாகத் தெரிந்தது. கீழே யானைக்கூட்டம் வரிசையாகப் போக, மேலே பனி. அதற்காகவே இன்னொரு நாள் இருந்திருக்கலாம். ஆனால் மத்தியானம் நைரோபிக்குத் திரும்பியாக வேண்டும்.

நைரோபி மருமகள்:

உங்களைக் குறை சொல்லவில்லை தம்பி, ஊரிலிருந்து வருகிற எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான். நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றி முடிக்கிற வேகத்தில் பட்டியலோடு வந்து இறங்குவார்கள். இங்கே ஒன்பது வருடமாக இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்வது: ஒரு காட்டுக்குக் குறைந்தது இரண்டு இரவு, மாரா என்றால் மூன்று. ஏழு நாள் இருந்தால் மாராவும் இன்னொன்றும், போகிற வழியில் நைவாஷா ஏரி. போதும். சம்புரு வடக்கே, அம்போசெலி தெற்கே, மாரா மேற்கே. மூன்றையும் சேர்த்தால் பாதிப் பயணம் தார்ச்சாலையிலேயே கழியும்.

மாராவில் 2024 ஜூலையிலிருந்து வயதுவந்த வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு நாளைக்கு 200 டாலர். அது ஜூலை முதல் டிசம்பர் வரை. ஜனவரி முதல் ஜூன் வரை 100. அந்தச் சீட்டு காலை ஆறிலிருந்து மாலை ஆறுவரைதான் செல்லும். உள்ளே தங்கிவிட்டுக் கிளம்புகிற நாளில் காலை பத்து மணிக்குள் வெளியேறாவிட்டால் இன்னொரு நாள் காசு. 'எல்லாம் சேர்த்து' என்று விலை சொல்கிறவரிடம் இந்தக் கட்டணம் எத்தனை நாளுக்குச் சேர்ந்திருக்கிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறந்துவிடாதீர்கள். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் தனிமையில் உட்கார வைத்துவிடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்துக்கு வைக்கக் கூடாது. அறுபது தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு வாய்ப்பு சற்றுக் கூடுதல், முதலில் டாக்டரிடம் கேளுங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அப்போதே கேட்டுவிடலாம். அப்புறம், கடைகளில் தருகிற பிளாஸ்டிக் பைகளுக்கு இங்கே 2017 முதல் தடை. ஊறுகாயை நாலு கவரில் சுற்றிக் கொண்டுவரும் பெரியம்மாக்கள் கவனிக்க. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பருத்திச் சட்டையோடு வராதீர்கள். ஆகஸ்டில் மாரா விடியற்காலை ஊட்டி மாதிரிதான். குரங்குக் குல்லா கட்டாயம்.

சரி, என் கதை. நைவாஷா ஏரிக்கரைக் கூடாரத்தில் மாமியாரோடு தங்கியிருந்தேன். இரவு இரண்டு மணிக்கு வெளியே கரக் கரக் என்று சத்தம். 'யாரோ மாட்டை அவுத்து விட்டிருக்காங்க, ஓட்டிவிட்டு வா' என்று மாமியார் எழுப்பினார். ஜன்னல் துணியை விலக்கிப் பார்த்தால் மூன்றடி தூரத்தில் நீர்யானை புல் மேய்கிறது! பகலெல்லாம் தண்ணீரில் கிடந்துவிட்டு இரவில் கரையேறி நாற்பது கிலோ அளவுக்குப் புல் தின்னுமாம். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது சாவகாசமாகத் தின்றுவிட்டுப் போனது. இருட்டியபின் கூடாரத்தை விட்டு வெளியே போவதென்றால் அஸ்காரியைக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். இங்கே காவலாளிக்கு அதுதான் பெயர். ஏன் சொன்னார்கள் என்று அன்றுதான் புரிந்தது.

லென்ஸ் பைத்தியம்:

திருச்சிக்காரரே, அந்த வீடியோ விஷயத்தைப் படித்து எனக்கே வயிறு எரிந்தது. ஆனால் இன்னொரு நாள் இருந்திருந்தாலும் பார்த்திருப்பீர்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. நான் மூன்று முறை போயும் ஒரே ஒரு தடவைதான் ஆறு தாண்டுவதைப் பார்த்தேன், அதுவும் பாதி புழுதிக்குள்.

மாராவை ஒட்டி மசாய் மக்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் காப்புநிலங்கள் இருக்கின்றன. நபோய்ஷோ, ஓலாரே மோட்டோரோகி, மாரா நார்த் மாதிரி. விலை அதிகம்தான். ஆனால் வாகன எண்ணிக்கை குறைவு, இரவிலும் போகலாம், பாதையை விட்டு இறங்கியும் ஓட்டலாம். போன முறை ஒரே காப்புநிலத்தில் ஐந்து இரவு இருந்தேன். ஒரு சிவிங்கிப்புலி, மூன்று குட்டிகள். காலை ஏழு மணிக்குக் கண்டுபிடித்து மத்தியானம் இரண்டுவரை பக்கத்திலேயே இருந்தோம். பெரும்பாலும் அது தூங்கியது, நானும் தூங்கினேன். ஒரு முறை எழுந்து தாம்சன் மான் கூட்டத்தை நோக்கிப் பதுங்கிப் போனது. அந்த நேரம் பார்த்து இன்னொரு வண்டி குறுக்கே வந்து நிற்க, மான்கள் சிதறிவிட்டன. குட்டிகள் அன்று பட்டினி. படம் கிடைக்காதது பெரிதில்லை. நம்மால் ஒரு விலங்கின் சாப்பாடு போனது என்பது இன்றுவரை உறுத்துகிறது. ஓட்டுநரிடம் 'கிட்டப் போ, கிட்டப் போ' என்று சொல்லவே சொல்லாதீர்கள். உங்கள் டிப்ஸை நினைத்து அவர் போய்விடுவார்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. காலியான துணிப்பை ஒன்றை எடுத்துப் போங்கள். அங்கே போய் அரிசி நிரப்பி ஜன்னலில் வைத்தால் லென்ஸ் ஆடாது. கடைசி நாள் அரிசியை ஓட்டுநருக்கே கொடுத்துவிட்டேன். குட்டி விமானத்தில் மாராவுக்குப் பறக்கிறவர்களுக்கு மொத்தமே 15 கிலோதான், அதுவும் மடங்குகிற பையாக இருக்க வேண்டும். உருளைப் பெட்டி எடுத்துப்போய் நைரோபி வில்சன் விமான நிலையத் தரையில் துணியைக் கொட்டிப் பிரித்தவர்களை நேரில் பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

நானும் மனைவியும் பிப்ரவரியில் தான்சானியா போனோம். எல்லோரும் ஆறு தாண்டுவதையே பேசுகிறீர்கள். அதே வில்டபீஸ்ட் கூட்டம் ஜனவரி முதல் மார்ச் வரை அங்கே செரெங்கெட்டி காட்டின் தெற்கே ந்டுட்டு சமவெளியில் குட்டி போடுகிறது, அதையும் சொல்ல வேண்டாமா? குட்டி தரையில் விழுந்து சில நிமிடத்தில் எழுந்து நின்றது. விழுந்தது, நின்றது, மறுபடி விழுந்தது. கழுதைப்புலி ஒன்று தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தது. என் மனைவி மூன்று பிள்ளை பெற்றவர். வண்டிக்குள் எழுந்து நின்று 'ஓடு, ஓடு' என்று தமிழில் கத்திவிட்டார். குட்டி தப்பித்தது.

எங்கும் இரண்டு இரவு என்று நைரோபி மேடம் சொல்வதில் எனக்குச் சிறு மாற்றுக் கருத்து உண்டு. தான்சானியாவின் ங்கோரோங்கோரோவுக்கு ஒரு நாள் போதும். எரிமலை வாய் இடிந்து உண்டான பெரிய கிண்ணம் அது. அடித்தளம் சுமார் 260 சதுர கிலோமீட்டர், சுவர் அறுநூறு மீட்டர் உயரம். காலையில் முதல் வண்டியாக இறங்கினால் மத்தியானத்துக்குள் சிங்கம், யானை, எருமை, அதிர்ஷ்டமிருந்தால் கறுப்புக் காண்டாமிருகமும் பார்க்கலாம். சுவர் செங்குத்து என்பதால் ஒட்டகச்சிவிங்கி மட்டும் உள்ளே கிடையாது. இறங்குவதற்கே தனிக் கட்டணம் என்பதால் இரண்டாம் நாள் பர்ஸ் தாங்காது.

அங்கே குளத்தங்கரையில் சாப்பிட இறங்க விடுகிறார்கள். ஓட்டுநர் வண்டிக்குள்ளேயே சாப்பிடச் சொன்னார், நான் கேட்கவில்லை. சப்பாத்தியைச் சுருட்டி வாய்க்குக் கொண்டுபோனேன், பின்னாலிருந்து ஒரு பருந்து வந்து லாகவமாகப் பறித்துக்கொண்டு போய்விட்டது. கை மட்டும் வாய்க்குப் போனது. விரலில் ஒரு கீறல். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குச் சொன்ன பேச்சைக் கேள் என்று பாடம் எடுத்தவன் நான்.

திருச்சிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. 2027 ஆகஸ்டுக்கு மறுபடி திட்டம் போடுகிறேன். மாரா மட்டும், ஐந்து இரவு. மகனுக்குச் சிறுத்தை பாக்கி இருக்கிறது. நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பருந்துக் கதைக்கு ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் கேட்டார்: 'அஞ்சு நாளும் அதே ஆத்தங்கரைதானே? அப்ப நம்ம மடக்கு நாற்காலிய எடுத்துக்குவோம், எறங்கி உக்காந்து பாக்கலாம்.' வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். நைரோபி அக்கா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.