எங்கள் வீட்டுக் குழு: தாத்தா வண்டியின் ஃபியூஸ் ஹோல்டர்

*கார்த்தி (காலை 8:12):* சித்தப்பா, தாத்தா வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஹார்ன், இண்டிகேட்டர் எல்லாம் நின்றுவிடுகிறது. கொஞ்ச தூரத்தில் தானாக வருகிறது. ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன், கண்ணாடிக்குள் கம்பி அறுபடவில்லை.

*முருகன் சித்தப்பா:* ஃபியூஸ் உட்காரும் ஹோல்டரை போட்டோ எடுத்துப் போடு. இரண்டு முனையும் தெரியட்டும்.

*கார்த்தி:* (போட்டோ)

*முருகன் சித்தப்பா:* இதுதான் கோளாறு. ஒரு பக்கம் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கிறது பார். ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு வேறு. ஸ்பிரிங் தளர்ந்தால் பிடிமானம் போய் அந்த இடம் சூடாகும். சூட்டில் ஸ்பிரிங் இன்னும் தளரும்.

*அம்மா:* தம்பி, ராத்திரி வரும்போது லைட்டும் போய்விடுமா?

*முருகன் சித்தப்பா:* இல்லை மதினி. இந்த வண்டியில் ஹெட்லைட், இன்ஜின் ஓடும்போது கரண்ட் தரும் மேக்னெட்டோவிலிருந்து நேராக எரிகிறது. ஆனால் பிரேக் லைட் பேட்டரியில்தான். அது போனால் பின்னால் வருகிறவனுக்கு இவன் நிற்பது தெரியாது.

*பெரியப்பா:* உப்புத்தாளில் தேய்த்து, சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றி வைத்தால் ஓடுமே. நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.

*முருகன் சித்தப்பா:* ஓடும் அண்ணே. ஆனால் வயர் எங்காவது பாடியில் உரசினால் ஈயத்தாள் சீக்கிரம் அறுபடாது, வயர்தான் எரியும். அந்த வயர் எல்லாம் பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகிறது. பிள்ளை ஓட்டுகிற வண்டி, வேண்டாம்.

*கார்த்தி:* ஒரு கடையில் 20 ஆம்பியர் போடச் சொன்னார்கள்.

*முருகன் சித்தப்பா:* கூடவே கூடாது. மேனுவலில் என்ன இருக்கிறது?

*கார்த்தி:* 10.

*முருகன் சித்தப்பா:* அப்போ 10தான். ஹோல்டரைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று பார். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வை. சிவப்பு முனை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு முனை ஹோல்டரைத் தாண்டி வரும் வயரில். சாவியைத் திருப்பி, பிரேக்கையும் ஹார்னையும் சேர்த்து அமுக்கு.

*கார்த்தி:* 0.9 வோல்ட். ஆனால் மீட்டரில் இணைப்பு இருந்தால் சத்தம் போடும் பீப் வைத்துப் பார்த்தால் சத்தம் நன்றாக வருகிறதே?

*முருகன் சித்தப்பா:* பீப்பில் மீட்டர் அனுப்புவது மிகக் கொஞ்சம் கரண்ட். அதற்கு இந்த இணைப்பே போதும். லோடு கொடுத்தால்தான் வண்டவாளம் தெரியும். ஹோல்டரில் வீணாகும் வோல்ட் இது, 0.1-க்குள் இருக்க வேண்டியது 0.9. ஐந்து ஆம்பியர் ஓடினால் நாலரை வாட் சூடு, அந்தச் சின்னக் குழாய்க்குள்.

கடையில் வயரோடு வரும் பிளேடு ஃபியூஸ் (தட்டையான இரண்டு கால் உள்ளது) ஹோல்டர் கேள், ரப்பர் மூடி உள்ளது. வயர் பழையதைவிட மெலிதாக இருக்கக் கூடாது. 10 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் சிவப்பு நிறம், கூடுதலாக ஒன்று வாங்கு.

*கார்த்தி:* சரி. பேட்டரியில் எந்தப் பக்கம் முதலில் கழற்ற?

*முருகன் சித்தப்பா:* மைனஸ். பிளஸ்ஸை முதலில் எடுத்தால், ஸ்பேனர் பாடியில் பட்ட உடனே பொறி பறக்கும். மாட்டும்போது மைனஸ் கடைசி. பழைய வயரை வெட்டி உரித்தால் செம்பு கறுத்திருக்கும். பளபளப்பாகத் தெரிகிற வரை பின்னால் வெட்டிக்கொண்டே போ. கறுத்த செம்பில் ஜாயின்ட் போட்டால் சூடு அங்கே குடிபோகும். முறுக்கி டேப் ஒட்டாதே, ஜாயின்ட் குழாய் போட்டு நெரித்துவிடு. ஜாயின்ட்டை மூட, சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவை முன்னாலேயே வயரில் கோத்துவிடு, ஜாயின்ட் போட்ட பிறகு நுழையாது. கடைசியில் கையால் நன்றாக இழுத்துப் பார்.

*கார்த்தி (மாலை 6:40):* (போட்டோ) முடிந்தது சித்தப்பா. இப்போது 0.04. ஹார்ன் சத்தமே கணீரென்று இருக்கிறது.

*முருகன் சித்தப்பா:* அருமை. ஸ்லீவ் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறது, நல்ல வேலை. வயரை சீட் அடியில் ஒரு டை போட்டுக் கட்டு, ஆடக் கூடாது.

*பெரியப்பா:* என் வண்டிக்கும் ஒன்று வாங்கி வை கார்த்தி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

*முருகன் சித்தப்பா:* அண்ணே, மேனுவலில் ஃபியூஸ் அளவைப் பார்த்து அவனுக்குச் சொல்லிவிடுங்க. அப்புறம் வாங்கட்டும்.