எதற்கும் இருக்கட்டும் என்று எழுதிய 30 மாத்திரை

கத்திக்காரன்:
பொது அறுவை சிகிச்சையில் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பித்தப்பையும் குடலிறக்கமும்தான் என் அன்றாட வேலை. கணினியில் டிஸ்சார்ஜ் சீட்டில் ஆக்ஸிகோடோன் (பழக்கமாகிவிடக்கூடிய, ஓபியாய்டு வகை வலுவான வலி மாத்திரை) என்று தட்டினால் எண்ணிக்கைக் கட்டத்தில் 30 தானாக வந்து உட்காரும். அது யார் வைத்த 30 என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கையெழுத்தைப் போட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போய்விடுவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை அது 12 ஆகியிருந்தது. எரிச்சலில் அழித்துவிட்டு 30 போட்டேன். அடுத்த வாரம் 20 போட்டேன். அதற்கப்புறம் மாற்றவே தோன்றவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, 30 வேண்டுமென்றால் மூன்று விநாடி வேலை. ஆனால் அந்த மூன்று விநாடியில் 'இவருக்கு எதற்கு 30?' என்ற கேள்வி வந்துவிடுகிறது.

பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் யேல் மருத்துவமனைகளில் 2017-இல் இதையேதான் செய்திருக்கிறார்கள். டிஃபால்ட் எண்ணை, அதாவது கட்டத்தில் தானாக வரும் எண்ணை, 30-இலிருந்து 12 ஆக்கியதும், எழுதப்பட்ட மாத்திரைகளின் இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்) 30-இலிருந்து 20-க்கு இறங்கியது. 12-க்கு வரவில்லை, பாருங்கள். என்னைப் போல அடம்பிடித்தவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். நான் 30 எழுதியது வலியைப் பார்த்து இல்லை, மாத்திரை தீர்ந்துவிட்டது என்று சனிக்கிழமை ராத்திரி வரும் ஃபோனுக்குப் பயந்து. 2014 அக்டோபரில் அமெரிக்கா ஹைட்ரோகோடோன் (இதே வகை இன்னொரு வலி மருந்து) கலவைகளுக்குக் கட்டுப்பாட்டை இறுக்கி, ஃபோனிலேயே ரீஃபில் சொல்லிவிடும் வழியை அடைத்தது. அதன் பிறகு அறுவை மருத்துவர்கள் முதல் சீட்டிலேயே கூடுதலாக எழுத ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கத்தானே செய்யும்.

இரவுப்பணி:
டாக்டர் சார், அந்த எண் நோயாளியிடமும் வேலை செய்கிறது. வீட்டுக்குப் போனவர்களை ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டு விசாரிக்கும் செவிலியர் நான். ஒரே நாளில் ஒரே குடலிறக்க அறுவை முடிந்த இரண்டு பேர். ஒருவருக்கு 30 மாத்திரை, இன்னொருவருக்கு 8. எட்டு வாங்கியவர் மூன்றோடு நிறுத்திவிட்டார். முப்பது வாங்கியவர் 17 போட்டிருந்தார். அவ்வளவு வலியா என்று கேட்டேன். "இல்லம்மா, முப்பது கொடுத்திருக்காங்களே, அத்தனை நாள் வலிக்கும்போலன்னு முன்கூட்டியே போட்டுக்கிட்டேன்" என்றார்.

நான் பார்த்தது இரண்டே பேர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 33 மருத்துவமனைகளில் 2,392 பேரிடம் கேட்டிருக்கிறார்கள். இடைநிலையாக எழுதிக்கொடுத்தது 30, விழுங்கியது 9. எவ்வளவு விழுங்கினார்கள் என்பதோடு மிகப் பலமாகப் பொருந்தியது, சீட்டில் இருந்த எண்ணிக்கைதான். கூடுதலாக எழுதிய ஒவ்வொரு மாத்திரைக்கும் ஏறக்குறைய அரை மாத்திரை கூடுதலாக உள்ளே போயிருக்கிறது. மீதி எங்கே போகிறது? அலமாரிக்கு. அங்கிருந்து யார் கைக்குப் போகிறது என்று யாருக்குத் தெரியும்.

பித்தப்பை போனவள்:
எனக்கு ஆறுதான் கொடுத்தார்கள். கஞ்சத்தனமோ என்று நினைத்தேன். ஆனால் பாராசிட்டமாலும் இபுப்ரோஃபெனும் எத்தனை மணிக்கு எது என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். இரண்டு ராத்திரி கஷ்டமாக இருந்தது, ராத்திரிக்கு ஒன்றாக இரண்டு போட்டேன். மீதி நாலை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூட்டு மெக்கானிக்:
எனக்குக் கட்டம் மாறவில்லை, மெயில் வந்தது. இதே அறுவை செய்யும் சக மருத்துவர்களைவிட நான் அதிகம் எழுதுகிறேனாம். ஒரு நாள் முழுக்கக் கோபம். என் நோயாளிகள் வேறு மாதிரி என்று பதில்கூட எழுதினேன், அனுப்பவில்லை. பழைய சீட்டுகளை எடுத்துப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே எண். வேறு மாதிரி நோயாளிகளாம்!

வட கலிபோர்னியாவில் 19 மருத்துவமனைகளில் இப்படி மெயில் அனுப்பிப் பார்த்த ஆய்வு 2023-இல் வந்தது. ஒரு குழுவுக்கு வழிகாட்டி அளவைத் தாண்டியதை மட்டும் சொன்னார்கள், இன்னொரு குழுவுக்குச் சகாக்களோடு ஒப்பிட்டுச் சொன்னார்கள். இரண்டிலுமே எழுதுவது குறைந்தது. எனக்கு வந்தது இரண்டாவது ரகம். அதுதான் சுருக்கென்று தைக்கும்.

கட்டம் மாற்றியவன்:
இப்படி ஒரு மருத்துவமனையில் அந்த எண்ணை மாற்றிய மென்பொருள் ஆள் நான். மாற்ற ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. சொதப்பியதைச் சொல்கிறேன். எல்லா அறுவைக்கும் ஒரே 10 வைத்துவிட்டோம். அதுவரை 5 எழுதிக்கொண்டிருந்தவர்களும் 10 எழுத ஆரம்பித்தார்கள்! டிஃபால்ட் கீழே மட்டும் இழுக்காது, மேலேயும் இழுக்கும். இன்னொரு பக்கம், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட ஒரு அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாத்திரை தீர்ந்துபோனது. மிச்சிகன் குழு செய்தது போல அறுவைக்கு அறுவை தனி எண் வைத்திருக்க வேண்டும், நாங்கள் அவசரப்பட்டோம்.

கத்திக்காரன்:
தம்பி, அந்த அம்மா ஃபோன் பண்ணினார்களா? யார் எடுத்தது?

கட்டம் மாற்றியவன்:
நாலு தடவை பண்ணியிருக்கிறார்கள் சார். யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை மதியம்தான் சீட்டு கிடைத்தது. இப்போது மூட்டுக்குத் தனி எண் வைத்துவிட்டோம். சீட்டின் அடியில் ஒரு ஃபோன் நம்பரும் அச்சாகிறது, ராத்திரியிலும் ஒரு செவிலியர் எடுப்பார். அந்த நம்பருக்கு ஆள் போடச் சம்மதம் வாங்கத்தான் எட்டு மாதம் ஆனது.