புதுப்பிப்பு: இறக்கிய ஸ்விஃப்டுக்கு டயர் அளவு

போன மாதம் கேட்டிருந்தேன்: சஸ்பென்ஷனை 30 மி.மீ. இறக்கிய என் ஸ்விஃப்ட் காரில் 205/55 ஆர்16 டயர் (205 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், 16 அங்குல ரிம்) போட்டதும் குன்னூர் வளைவுகளில் டயர் உரசுகிறது, என்ன செய்யலாம் என்று. இப்போது 195/55 ஆர்16-க்கு மாறிவிட்டேன். விட்டம் 621 மி.மீ., முதலில் இருந்த 185/65 ஆர்15 அளவேதான். உரசிய 205/55 டயர் அதைவிட 10 மி.மீ. பெரியது.

வீலையும் மாற்ற வேண்டியிருந்தது. 205 டயரோடு இருந்த அலாய் வீலில் ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம்) குறைவு; அது 10 மி.மீ. வெளியே தள்ளி நின்றதால், ஃபெண்டர் விளிம்பு டயரின் தோளைச் சீவி, ரப்பர் சுருள் சுருளாக வந்திருந்தது. இந்த முறை சக்கரத்துக்கு மேலுள்ள உள் லைனரில் (ஃபெண்டருக்குள் இருக்கும் உறை) சாக்பீஸ் தடவி, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு மசினகுடியிலிருந்து கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினேன். கோடு அழியவே இல்லை!

அப்புறம், 185/65-ஐவிட டயரின் பக்கச்சுவர் உயரம் 13 மி.மீ. குறைந்திருக்கிறது. மழைக்காலக் குழியில் ரிம் அடி வாங்கும், அதனால் பக்கச்சுவரை இன்னும் குறைக்கும் 17 அங்குல ரிம் ஆசையை விட்டுவிட்டேன்.