மினி இட்லிப்பூ இலை மஞ்சளாச்சா? உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

மடிப்பாக்கம் மாடி:

எங்க மொட்டைமாடியில ஆறு தொட்டி மினி இட்லிப்பூ இருக்கு. நாலு சிவப்பு, ரெண்டு ஆரஞ்சு. 2022 பொங்கல் கழிச்சு ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரியில வாங்கினது. பெரிய இட்லிப்பூ மாதிரி ஆள் உயரம் போகாது, ரெண்டு ரெண்டரை அடியில புஸ்ஸுன்னு நிக்கும், வருஷம் முழுக்க பச்சையா இருக்கும், மெட்ராஸ் வெயிலுக்கு அசராதுன்னு நர்சரிக்காரர் சொன்னார். எல்லாம் உண்மைதான். ஆனா தண்ணியைப் பத்தி அவரும் சொல்லல, எனக்கும் கேக்கத் தோணல. அதுல ரெண்டு வருஷம் போச்சு. அதான் முழுசா எழுதறேன்.

பங்குனி கடைசியில கொழுந்து வெளிற ஆரம்பிச்சது. கிட்டப் போய்ப் பார்த்தா நரம்பு மட்டும் பச்சை, நரம்புக்கு நடுவுல எல்லாம் எலுமிச்சம்பழ மஞ்சள். மஞ்சள் தாள்ல பச்சை மையால மீன் முள்ளு வரைஞ்ச மாதிரி இருந்தது. அடுத்த கொழுந்து அதைவிட மோசம், பால் நிறத்துல வந்து ஓரம் கருகிச்சு. அடியில இருந்த பழைய இலை மட்டும் கரும்பச்சையா அப்படியே இருந்தது. கவனிக்க வேண்டியது அதைத்தான். அப்போ எனக்குப் புரியல.

செடிக்குப் பசின்னு நினைச்சேன். மண்புழு உரம் போட்டேன், கடலைப் புண்ணாக்கு ஊற வெச்சு ஊத்தினேன், முட்டை ஓடு பொடி பண்ணித் தூவினேன். வெயில் ஜாஸ்தியோன்னு நிழல்வலை கட்டினேன். ஒண்ணும் நடக்கல. அக்னி நட்சத்திரத்துல ரெண்டு செடி மொட்டு வெச்சு அப்படியே உதிர்த்துடுச்சு. அதைப் பெருக்கி எடுக்கும்போது மனசு ஆறவே இல்ல.

அந்த வருஷம் தீபாவளி முடிஞ்சு மழை பிடிச்சது. ரெண்டு வாரம் நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. துணி காயப்போட மாடிக்குப் போனவ அப்படியே நின்னுட்டேன். ஆறு தொட்டியிலயும் புதுக் கொழுந்து எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு பச்சை! கார்த்திகை, மார்கழி ரெண்டு மாசமும் கொத்துக் கொத்தாப் பூ. மாசியில மறுபடி போர் தண்ணி ஊத்த ஆரம்பிச்சேன், மறுபடி மஞ்சள். 2023லயும் இதே கதை. மிக்ஜாம் புயல் மழையில தெருவே மிதந்தது, கீழ் வீட்டுக்குள்ள தண்ணி. மாடியில இட்லிப்பூ மட்டும் அவ்வளவு பச்சை. அப்போதான் உரத்தை விட்டுட்டுத் தண்ணியைப் பத்தி யோசிக்க ஆரம்பிச்சேன்.

மண் தொட்டி விளிம்புல வெள்ளையா ஏடு கட்டியிருந்தது. நகத்தால சுரண்டினேன், வரல. கரண்டிக் காம்பால பேர்த்து ஒரு சிட்டிகை தட்டுல வெச்சு எலுமிச்சம்பழம் பிழிஞ்சேன். சுர்ருன்னு நுரைச்சுது. சுண்ணாம்பு. எங்க வீட்டு கீசர்ல படியறதும் இதுதான், துவரம்பருப்பு நாலு விசில் விட்டும் வேகாம நிக்கறதும் இதே தண்ணியாலதான்.

அப்புறம் தேடிப் படிச்சதுல விளங்கினது இது. இட்லிப்பூ காப்பிச் செடியோட குடும்பம். மண்ணுல கொஞ்சம் அமிலத்தன்மை வேணும், பி.எச்.னு ஒரு அளவு இருக்கு, 7க்குக் கீழ போனா அமிலம், மேல போனா காரம். அது 5லேர்ந்து 6க்குள்ள இருந்தா சந்தோஷமா வளரும். போர் தண்ணியில இருக்கற பைகார்பனேட்ங்கற உப்பு மண்ணைத் தினமும் காரத்தன்மைக்குத் தள்ளிட்டே இருக்கு. செம்மண்ணுல இரும்பு இல்லாம இல்ல, அது சிவப்பா இருக்கறதே இரும்பாலதான். ஆனா பி.எச். ஏறின மண்ணுல இரும்பு கரையாது, கரையாததை வேரால எடுக்க முடியாது. பழைய இலையில இருக்கற இரும்பும் புது இலைக்கு நகராது. அதனாலதான் கொழுந்து மட்டும் வெளிறுது. தழைச்சத்துக் குறைவுன்னா அடி இலைதான் முதல்ல மஞ்சளாகும். நான் பசின்னு நினைச்சது இந்த வித்தியாசம் தெரியாமத்தான். அதுக்கு மேல முட்டை ஓடு வேற போட்டு, இருக்கற சுண்ணாம்போட சுண்ணாம்பைச் சேர்த்திருக்கேன்.

உங்க ஏரியாத் தண்ணியில எப்படி இருக்கு? சொல்லுங்க.

பெரம்பூர் பெரியவர்:

நல்லா எழுதியிருக்கேம்மா. நானும் இதே வழியில போய் வந்தவன். முதலில் அன்னபேதி (இரும்பு சல்பேட்) வாங்கி வேரில் ஊற்றினேன். நம் மண்ணில் அது ரெண்டு நாளில் துருவாக மாறி உட்கார்ந்துவிடுகிறது. மாடித் தரையில் காவிக் கறை விழுந்ததுதான் மிச்சம். அடுத்து உரக்கடையில் இரும்பு ஈ.டி.டி.ஏ. கொடுத்தார்கள். இரும்பு துருவாகாமல் பிடித்து வைக்கிற மருந்து அது. பி.எச். ஆறரைக்கு மேல் போனால் அதன் பிடி விட்டுப்போகும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கடைசியில் கை கொடுத்தது ஈ.டி.டி.எச்.ஏ. இரும்பு. கருஞ்சிவப்புத் தூள், தண்ணீரில் போட்டால் இரத்தம் மாதிரி கரையும். காரத்தன்மையுள்ள மண்ணிலும் இரும்பை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். லிட்டருக்கு 1 கிராம் கரைத்து, சாயங்காலம் வேரில் ஊற்றினேன். மூன்றாம் வாரம் வந்த கொழுந்து பச்சை. முன்பே வெளுத்திருந்த இலைகள் முழுசாகத் தேறவில்லை, அதை எதிர்பார்க்கவும் கூடாது. விலை அதிகம்தான். ஆனால் நூறு கிராம் எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வந்தது. வாங்கும்போது டப்பாவில் எழுதியிருக்கும் முழுப்பெயரைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். சும்மா "இரும்புச்சத்து" என்று கேட்டால் எது கைக்கு வருகிறதோ அதைத் தருவார்கள்.

அம்பத்தூர் அம்மா:

எங்க வீட்ல நடந்தது வேற. தண்ணி மெட்ரோ வாட்டர்தான், உப்பு இல்ல. ஆனாலும் செடி ஒரு வருஷமா ஒரு விரக்கடை கூட வளரல. பிடுங்கிப் பார்த்தா உள்ள களிமண் உருண்டை, கொழுக்கட்டை மாதிரி இறுகிக் கிடக்கு. வேர் அந்த உருண்டைக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்திருக்கு. நான் ஆசையா கலந்து போட்ட செம்மண்ணுலயும் தேங்காய் நார்க் கழிவுலயும் ஒரு வேர் கூட எட்டிப் பார்க்கல. சென்னை நர்சரிகளுக்கு நிறைய செடி கோதாவரிப் பக்கம் கடியத்துலேர்ந்து லாரியில வருது. வழியில காயக்கூடாதுன்னு களிமண் வெச்சு உருட்டி அனுப்பறாங்க. அவங்களைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு தூரம் வரணுமே.

ஒரு வாளித் தண்ணியில உருண்டையை அரை நாள் ஊற வெச்சேன். அப்புறம் விரலால மெதுவா, குழந்தைக்குத் தலை சிக்கெடுக்கற மாதிரி, பாதிக் களிமண்ணை மட்டும் கரைச்சு விட்டேன். முழுசா உரிச்சா செடி செத்துடும். பத்து நாள் நிழல்ல வெச்சேன். ஆவணியில பண்ணினது, ஐப்பசிக்குள்ள நல்லா பிடிச்சிடுச்சு. சித்திரை வைகாசியில மட்டும் இதைத் தொடாதீங்க.

திருவான்மியூர் கடலோரம்:

எங்க அபார்ட்மெண்ட் நடைபாதை ஓரம் நாற்பது மினி இட்லிப்பூ வரிசையா இருக்கு. மூணு வருஷத்துல பூவே கிடையாது. இலை நல்ல பச்சை. மண்ணைக் குறை சொன்னோம், கடல் காத்தைக் குறை சொன்னோம். காரணம் கத்திரிக்கோல். தோட்டக்கார அண்ணன் பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை மேல் தட்டையா, சுவர் மாதிரி வெட்டிட்டிருந்தார். அழகா இருக்கணும்னு நாங்க சொன்னதாலதான் வெட்டினார். இட்லிப்பூ கிளை நுனியிலதான் மொட்டு வைக்கும். நுனியை வெட்டிட்டே இருந்தா எங்கேர்ந்து பூக்கும்? அசோசியேஷன்ல பேசி நாலு மாசம் வெட்ட வேண்டாம்னு முடிவு பண்ணினோம். மூணாவது மாசம் வரிசை முழுக்க சிவப்பு. காலையில தேன்சிட்டு வந்து கொத்துக்குக் கொத்து தாவறதைப் பார்க்கப் பசங்க ஸ்கூல் வேனைக் காக்க வெக்கறாங்க. இப்போ ஒரு சுத்து பூ முடிஞ்சதும், வாடின கொத்தோட ரெண்டு கணு மட்டும் வெட்டறோம்.

போரூர் நாஞ்சில்:

எங்க ஊர்ப் பக்கம் இதைத் தெச்சின்னு சொல்லுவோம். சின்ன வயசுல பூவோட நடுக் குச்சியை மெல்ல உருவி, நுனியில தொங்கற ஒரு சொட்டுத் தேனை நாக்குல வெப்போம். பழமும் பழுத்துக் கருஞ்சிவப்பானா தின்னுவோம். வெட்சின்னு பழைய பாட்டுல வர்றதும் இதுதான், ஆநிரை கவரப் போற வீரர்கள் சூடின பூ. எங்க மண்ணு பூர்வீகச் செடி, நம்ம வீட்டுத் தொட்டியில வந்து வாடுதேன்னுதான் எனக்குக் கஷ்டமா இருக்கும். என் செடியில எறும்பு ஏறினா இலைக்கடியில மாவுப்பூச்சி இருக்கும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலம் இலைக்கு அடியில படற மாதிரி அடிப்பேன். வாரம் ஒண்ணு, மூணு வாரம்.

வேளச்சேரி:

போர் தண்ணிக்கு நான் வினிகர் கலந்து ஊத்தறேன். புளிச்ச மோரும் ஊத்தறேன். இது போதாதா அக்கா? என் தொட்டி எல்லாம் சிமெண்ட்.

மடிப்பாக்கம் மாடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பெரியவர் ஐயா, நீங்க சொன்ன சிவப்புத் தூளை இந்த வாரமே வாங்கறேன். அம்பத்தூர் அம்மா, உங்க பதிவைப் படிச்சதும் போய் என் ஆரஞ்சுச் செடியைக் கிளறிப் பார்த்தேன். உருண்டை இருக்கு! ஆவணி வரைக்கும் காத்திருக்கப் போறேன்.

வேளச்சேரித் தம்பி, வினிகரை வாளியில அளந்து கலந்தா பரவாயில்ல, நேரா வேர்ல ஊத்திடாதீங்க, சுட்டுடும். மோரு எனக்குப் பெருசா வேலை செய்யல, எறும்புதான் வந்தது. நாம ஒரு நாள் புளிப்பு ஊத்தறோம், தண்ணி தினமும் சுண்ணாம்பு ஊத்துது. ஜெயிக்கறது தண்ணிதான். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ற தண்ணியையும் ஊத்தாதீங்க, அதுல உப்பு இன்னும் கூட. சிமெண்ட் தொட்டியே சுண்ணாம்பு விடும், இட்லிப்பூவுக்கு அது ஆகாது. மண் தொட்டி, இல்லன்னா க்ரோ பேக்குக்கு மாத்திடுங்க.

எனக்குக் கோடையில கை கொடுத்தது ஏசி தண்ணி. நம்ம ஊர்க் காத்துல இருக்கற ஈரம்தானே குளிர்ந்து சொட்டுது, கிட்டத்தட்ட மழைத்தண்ணி மாதிரி, சுண்ணாம்பே கிடையாது. படுக்கையறை ஏசி குழாய்க்குக் கீழ காலி பெயிண்ட் டப்பா வெச்சேன். மே மாசம் ஒரு ராத்திரிக்கு ஏழெட்டு லிட்டர் நிறையுது. ஆறு தொட்டிக்குத் தாராளம். அதுல சத்தும் கிடையாதுங்கறதால மாசம் ஒரு பிடி மண்புழு உரம் போடறேன். போன அக்னி நட்சத்திரத்துல மொட்டு ஒண்ணு கூட உதிரல. இன்னைக்குக் காலையில எண்ணினேன், சிவப்புல மட்டும் பதினேழு கொத்து. சாமிக்கு ரெண்டு கொத்து பறிச்சேன், மீதியைப் பறிக்க மனசு வரல.

எலுமிச்சம்பழச் சோதனை மண் தொட்டியில படிஞ்ச ஏட்டுக்கு மட்டும்தான், தம்பி. சிமெண்ட் தொட்டியில பிழிஞ்சா சிமெண்ட்டே நுரைக்கும். நீங்க உங்க கெட்டில் அடியில படிஞ்சிருக்கறதைச் சுரண்டிப் பிழிஞ்சு பாருங்க. என்ன ஆச்சுன்னு இங்கயே எழுதுங்க.