நாலு வீட்டுக்குப் பொதுவாப் புத்தகம், சத்தமா வாசிக்கறது: எப்படி நடத்தறது?

ராயக்கோட்டை வாசகி கேட்டது:

வணக்கம். ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு, காரிமங்கலம்னு நாலு ஊர்ல நாலு வீடு. எல்லாம் அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி குடும்பம். பிள்ளைங்க அஞ்சு பேர்: 4, 7, 7, 9, 12 வயசு. எல்லா வீட்லயும் சேர்த்தா, பிள்ளைங்க தரமாட்டேங்கற சிலது போக, 40 கதைப் புத்தகம் தேறும். ஒரு வீட்ல இருக்கறதையே இன்னொரு வீட்லயும் வாங்கிடறாங்க. இரவல் போனது திரும்பி வர்றதில்ல.

வாசிச்சுக் காட்டறதுலயும் சந்தேகம் இருக்கு. சின்னதுக்கு வாசிச்சா 12 வயசு பையன் எழுந்து போயிடறான். பாலக்கோட்டு சித்திக்கு வாசிக்கணும்னு ரொம்ப ஆசை, ஆனா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாங்க, அதனால கூச்சப்படறாங்க. ஓசூர் மாமாவுக்கு ஷிப்டு வேலை. எங்க வீட்டுப் பேச்சு தெலுங்கு. அவ்வாவுக்கு (பாட்டி) தமிழ் கேட்டாப் புரியும், ஆனா புத்தகத் தமிழ் பாதிதான் புரியும், எழுத்து தெரியாது. அவங்களையும் சேர்த்து உட்கார வைக்கணும். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

சுத்துப்பைங்கற பேர்ல ஒருத்தர் சொன்னது:

புத்தகத்தைத் தனித்தனியா சுத்த விடாதீங்க, பையாச் சுத்த விடுங்க. 40 புத்தகம் தனித்தனியாப் போய் வந்தா எது யார்கிட்ட இருக்குன்னு ஒருத்தருக்கும் நினைவு இருக்காது. பத்துப் பத்தாப் பிரிச்சு நாலு பை ஆக்கிட்டா, நினைவு வெச்சுக்க வேண்டியது நாலே பைதான். எப்பவும் ஒரு வீட்ல ஒரு பை இருக்கும்.

ஒரு பைக்குள்ள 4 வயசுக்குப் பெரிய படம் போட்டது 3, ஏழு ஒன்பது வயசுக்கு 4, பன்னிரண்டுக்கு 2, பெரியவங்களுக்கு 1. கடைசியா சொன்ன அந்த ஒண்ணு கட்டாயம். பெரியவங்களுக்குப் பையில எதுவுமே இல்லன்னா அது பிள்ளைங்க சாமான்னு மூலையில போயிடும். மொத்த எடை ரெண்டு கிலோவைத் தாண்டினா பஸ்ல தூக்கிட்டு வர்றவங்க "அடுத்த வாட்டி பாத்துக்கலாம்"னு விட்டுட்டு வருவாங்க. மஞ்சப்பையில மூலை மடங்கும். ஜிப் வெச்ச கேன்வாஸ் பை எடுத்து, அடியில கெட்டி அட்டை ஒண்ணு வெட்டிப் போடுங்க.

ஒவ்வொரு பைக்குள்ளயும் ஒரு அட்டை ஒட்டி, பத்துப் புத்தகத்தோட பேரையும் கீழ நாலு ஊர்ப் பேரையும் எழுதுங்க. பை தங்கின ஊருக்கு ஒரு டிக். குறிப்பிட்ட தேதியில மாத்தணும்னு வெச்சா ரெண்டு மாசத்துல நின்னுடும். அதுக்குப் பதிலா, கல்யாணமோ காதுகுத்தோ, எந்த ரெண்டு வீடு சந்திச்சாலும் பையை மாத்திக்கணும்னு வெச்சுக்கோங்க. பார்க்க வேண்டியது, உங்க பையில அவங்க ஊருக்கு டிக் விழலைங்கறது மட்டும்தான். நாலு டிக்கும் விழுந்த பையைப் பிரிச்சு, மத்த பைகளோட கலந்து புதுசாக் கட்டுங்க.

தொலைஞ்சா அதே புத்தகத்தையோ காசையோ கேட்காதீங்க. அதே வயசுக்கு வேற ஒரு புத்தகம் போட்டாப் போதும். இதுல கறாரா இருந்தா உறவுதான் கசக்கும். நூலகப் புத்தகத்தைப் பையில போடவே கூடாது. அபராதம் வந்தா யார் பேர்ல அட்டை இருக்கோ அவங்க தலையிலதான் விழும். அதே மாதிரி ஒவ்வொரு பிள்ளையும் மூணு புத்தகத்தை "இது தரமாட்டேன்"னு எடுத்து வெச்சுக்கலாம். அந்த உரிமை இல்லன்னா பிடிச்ச புத்தகத்தையெல்லாம் ஒளிச்சு வைக்க ஆரம்பிப்பாங்க.

—

ஒன்னாம் வகுப்பு:

பை விஷயத்தை மேலே சரியாகச் சொல்லிவிட்டார்கள். நான் வாசிப்புக்கு வருகிறேன்.

முதலில் சித்தி. அவர்களுக்குக் கூச்சம் வரும் இடம் பெரும்பாலும் நீண்ட சொற்கள்தான். "எடுத்துக்கொண்டிருந்தபோது" என்று ஒரே மூச்சில் அச்சாகியிருந்தால் தேர்ந்த வாசகரே ஒரு கணம் தடுமாறுவார். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரத்தில் பென்சிலோடு ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். நீளமான சொல்லை "எடுத்துக் / கொண்டிருந்த / போது" என்று மெல்லிய கோடு போட்டுப் பிரிக்க வேண்டும். மூச்சு விடும் இடத்தில் இரட்டைக் கோடு. 16 பக்கப் படக்கதைக்கு இதற்குக் கால் மணி நேரம் போதும். மாலையில் வாசிக்கும்போது திக்கல் பாதிக்கு மேல் குறைந்துவிடும். நாலு வயதுக் குழந்தைக்கு வேகம் தேவையில்லை. பெரியவர்கள் மெதுவாக வாசிப்பதே படத்தைப் பார்க்க அதற்கு நேரம் கொடுக்கும்.

அடுத்தது புத்தகத் தமிழ். பலர் வாசிக்கும்போதே "போய்க்கொண்டிருந்தது" என்பதை "போயிட்டு இருந்துச்சு" என்று மாற்றிவிடுகிறார்கள். நாலு வயதுக்கு முதல் தடவை அப்படிச் சொல்லலாம். இரண்டாவது தடவையிலிருந்து அச்சில் இருப்பதை அப்படியே வாசியுங்கள். பிள்ளைகள் பேசுவது ஒரு தமிழ், பாடநூலில் பார்ப்பது வேறொரு தமிழ். அந்த வினைமுற்றுகள் காதுக்குப் பழகியிருந்தால் ஒன்றாம் வகுப்பில் கண்ணுக்கும் சுலபமாகப் பிடிபடும். பழகாத குழந்தை எழுத்தை எல்லாம் சரியாகக் கூட்டிவிட்டு, வந்த சொல் என்னவென்று தெரியாமல் விழிக்கும். பாத்திரங்களின் பேச்சை மட்டும் பேச்சு வழக்கில் சொல்லலாம். கதை கலகலப்பாகும்.

ஏழு வயதுப் பிள்ளைகள் இருவரும் தாங்களாக வாசிக்கும்போது எங்கே தடுக்கிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் கொ, கோ, கௌ வரிசையில் இருக்கும். ஒலி ஒன்றாக இருந்தாலும் குறி எழுத்தின் இரு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் போகும் குழந்தை கொம்பைப் பார்த்ததும் "கெ" என்று சொல்லி முடித்துவிட்டு, பின்னால் நிற்கும் காலைத் தனி எழுத்தாக நினைக்கும். அந்தச் சொல்லின் கீழே விரலை வைத்து மூன்று குறியையும் ஒரே வீச்சில் தடவிக் காட்டினால் போதும், விளக்கம் தேவையில்லை. விரல் சொல்லுக்குச் சொல் நகர வேண்டும். எழுத்துக்கு எழுத்து குத்திக் காட்டினால் வாசிப்பும் அப்படியே வெட்டி வெட்டி வரும். ல, ள, ழ உச்சரிப்புக்காகக் கதையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பொருள் மாறும் அளவுக்குத் தப்பு வந்தால் மட்டும், வாக்கியம் முடிந்த பிறகு நீங்கள் அதைச் சரியாக ஒருமுறை வாசித்துவிட்டு மேலே போங்கள்.

12 வயது எழுந்து போவதில் வியப்பில்லை. ஒரே புத்தகத்தை எல்லா வயதுக்கும் வாசிக்க முடியாது. சின்னவர்களுக்கு வாசிக்கும் வேலையை அவனிடமே கொடுங்கள், பத்து நிமிடம் போதும். அவனுக்கு வாசிப்புச் சரளம் குறைவாக இருந்தால் இது இன்னும் நல்லது, தம்பிக்கு வாசிக்கிறேன் என்ற பேரில் சின்னப் புத்தகத்தைக் கூச்சமில்லாமல் படிப்பான். சின்னவர்கள் தூங்கிய பிறகு அவனுக்கென்று தொடர்கதையில் ஓர் அத்தியாயம் வாசியுங்கள். சண்டை முடிந்த இடத்தில் நிறுத்தாமல், கதவு தட்டப்படும் இடத்தில் நிறுத்துங்கள்.

நடுநடுவே கேள்வியும் கேளுங்கள். 1988இல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வு செய்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் ஒரு மாதம் வீட்டில் கேள்வி கேட்டு, பதிலை விரித்துச் சொல்லி வாசித்த இரண்டு வயதுக் குழந்தைகள், வழக்கம்போல வாசிப்பைக் கேட்டவர்களைவிடப் பேச்சில் தெளிவாக முன்னே போனார்கள். "இது என்ன நிறம்?" போன்ற பரீட்சைக் கேள்வி வேண்டாம். குழந்தை "நாய் ஓடுது" என்றால், "ஆமா, மழைக்குப் பயந்து ஓடுது, எங்க போய் ஒண்டும்?" என்று நீங்கள் ஒரு சுற்று நீட்ட வேண்டும். கடைசியில் நீதி என்னவென்று கேட்காதீர்கள்.

—

ராயக்கோட்டை வாசகி:

ரொம்ப நன்றி. பென்சில் கோடு யோசனை சித்திக்கு உடனே சொல்லிட்டேன். அவ்வா விஷயமும் ஷிப்டு மாமா விஷயமும் மட்டும் பாக்கி.

—

தளி ரோடு:

கேள்வி கேட்கறதுல மட்டும் ஒரு திருத்தம். ரெண்டு மூணு வயசுக்கு அது சரி. ஏழுக்கு மேல கேள்வி ஜாஸ்தியானா கதை செத்துடும். ஒரு புத்தகத்துக்கு ரெண்டு கேள்வி, அதுவும் பக்கம் திருப்பற இடத்துல. மத்த நேரம் கதையை ஓட விடுங்க.

அவ்வாவுக்கு நம்ம பக்கத்துலயே நல்ல முறை இருக்கு. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுல மகாபாரதம் சொல்ற பிரசங்கியார் என்ன பண்றார்? ஒரு பாட்டைச் சொல்லிட்டு, பேச்சு வழக்குல விரிச்சுட்டு, அடுத்த பாட்டுக்குப் போறார். நாள்கணக்கா மதியம் மதியம் உட்கார்ந்து கேட்ட தலைமுறை அது, கேட்கற பழக்கம் நம்மைவிட அவங்களுக்கு அதிகம். அதையே வீட்லயும் பண்ணுங்க. ஒரு பத்தி தமிழ்ல வாசிச்சு, அதோட சாரத்தை ரெண்டே வாக்கியத்துல தெலுங்குல சொல்லிட்டு அடுத்த பத்தி. வரிக்கு வரி மொழிபெயர்த்தா கதையோட ஓட்டம் அறுந்து அவங்களுக்கும் சலிச்சுடும். அந்தத் தெலுங்குச் சாரத்தை 9 வயசுப் பிள்ளை சொல்லட்டும். என்ன புரிஞ்சுது, என்ன புரியலன்னு தனியாக் கேட்காமலே உங்களுக்குத் தெரிஞ்சுடும்.

நேரம் எதுன்னு பாருங்க. புளி தட்டற காலத்துல, பூ கட்டற சாயங்காலத்துல நாலு பேர் எப்படியும் சேர்ந்துதான் உட்காருவாங்க. கைக்கு வேலை இருக்கும், காது சும்மாத்தான் இருக்கும். ஒருத்தர் வாசிக்க மத்தவங்க கொட்டை எடுக்கலாம். ஒரு எச்சரிக்கை: வாசிக்கறவங்க புளியைத் தொடக்கூடாது, பிசுக்கு ஏறின பக்கம் ஒட்டிக்கும், எறும்பும் வரும்.

பிரதம் புக்ஸ் நடத்தற ஸ்டோரிவீவர் தளத்துல பல படக்கதை தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலுலயும் கிடைக்குது, இலவசம். அந்தத் தளத்துல கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல வர்ற கதைகளைத் தாராளமா அச்செடுக்கலாம். காசு கொடுத்து வாங்கின புத்தகத்தை ஸ்கேன் பண்ணிக் குழுவுல அனுப்பறது வேற விஷயம், அது தப்பு. ஒரே கதையைத் தமிழ்லயும் தெலுங்குலயும் எடுத்துப் பையில சேர்த்து வைங்க.

ஜெராக்ஸ் கடையில "ஏ4ல ரெண்டு பக்கமும், நடுவுல மடிக்கற புக்லெட்"னு சொல்லுங்க. 16 பக்கத்துக்கு 4 தாள். தாள் திரும்பறது குட்டைப் பக்கமா இருக்கணும். நீளப் பக்கம்னு வெச்சுட்டா பின்பக்கம் பூராவும் தலைகீழா வரும், அங்கதான் நிறையப் பேர் காசு விரயம் பண்றாங்க. முதல் தாள் வந்ததுமே மடிச்சுப் பார்த்துட்டு மீதியை அடிக்கச் சொல்லுங்க. கறுப்பு வெள்ளையில எடுக்கறதா இருந்தா ராத்திரிக் காட்சி நிறைய இருக்கற கதையைத் தவிர்த்துடுங்க. படமெல்லாம் கரிப்பூச்சா வந்துடும்.

அவ்வா சொல்ற கதையையும் ஒரு பிள்ளை எழுதணும். தெலுங்கையே தமிழ் எழுத்துல எழுதலாம். ககரம், டகரம், பகரம் ஒவ்வொண்ணுக்கும் தெலுங்குல பல எழுத்து, தமிழ்ல ஒரே எழுத்துதான்னாலும் கவலை வேண்டாம். வீட்ல பேசற மொழிங்கறதால வாசிக்கும்போது உச்சரிப்பு தானா சரியா விழும். அதுவும் பையில ஒரு புத்தகம்.

மாமாவுக்கு: வாட்ஸ்அப்ல முழுக் கதையையும் ஒரே பதிவா அனுப்பச் சொல்லாதீங்க. ஒரு பக்கத்துக்கு ஒரு குரல் பதிவு. பதிவு முடிஞ்சதும் பிள்ளை பக்கத்தைத் திருப்பும், அடுத்த பதிவு தானாத் தொடங்கும். திருப்ப நேரம் வேணும்ங்கறதால, ஒவ்வொரு பதிவும் தொடங்கும்போது ரெண்டு நொடி சும்மா விட்டுட்டுப் பேசச் சொல்லுங்க. புத்தகம் பிள்ளை கையில இருக்கணும், போன் திரை தெரியாதபடி தள்ளி வெச்சிருக்கணும்.

—

பைண்டிங் பட்டறை:

பை சுத்தினா புத்தகம் கிழியும், அதனால நானும் கொஞ்சம் சொல்றேன்.

செல்லோ டேப் ஒட்டாதீங்க. சில வருஷத்துல பழுப்பாகி, பசை ஊறி எழுத்துமேல கறை இறங்கும், உரிச்சா தாளோட வரும். கிழிசலுக்கு மெல்லிய டிஷ்யூ தாளை கையால கிழிச்சு (கத்தரியில வெட்டினா விளிம்பு தடிச்சு நிக்கும்), தண்ணி கலந்த வெள்ளைப் பசையைத் தடவி ஒட்டுங்க. மைதாப் பசை பூச்சியை இழுக்கும். பூச்சி வராம இருக்க அதுல மயில்துத்தம் கலக்கற வழக்கம் பைண்டிங்ல உண்டு, ஆனா அது விஷம். வாயில வைக்கற வயசுப் பிள்ளை இருக்கற வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். அந்துருண்டையும் அப்படித்தான். மிட்டாய்னு நினைச்சு வாயில போட்டுக்குவாங்க, சில பிள்ளைங்களுக்கு அதனால ரத்தச் சிவப்பணுவே உடையும்.

மெல்லிசு புத்தகத்துல ஸ்டேப்ளர் பின் துருப்பிடிச்சுத் தாளை அறுக்கும், ஈரமான இடத்துல இன்னும் சீக்கிரம். பின்னை எடுத்துட்டு நூல்ல தைங்க. மடிப்புல மூணு ஓட்டை, நடுவுல ஒண்ணு, ரெண்டு முனையிலிருந்தும் 3 செ.மீ. உள்ள தள்ளி ஒண்ணொண்ணு. நூல் புத்தக உயரத்தைப் போல ரெண்டரை மடங்கு, தையல் நூலை இரட்டையாக்கி மெழுகுவர்த்தியில ஒரு இழுப்பு இழுத்துக்கோங்க. உள்பக்கத்துலேர்ந்து நடு ஓட்டை வழியா வெளிய போய், மேல் ஓட்டையில உள்ள வந்து, நடுவைத் தாண்டி நேரா கீழ் ஓட்டையில வெளிய போய், திரும்ப நடு ஓட்டையில உள்ள வாங்க. ரெண்டு நுனியும் நீள நூலுக்கு ஒவ்வொரு பக்கமா நிக்கும், இறுக்கி அதுக்கு மேல முடிச்சுப் போடுங்க. முடிச்சு உள்பக்கம்தான் இருக்கணும். வெளிய இருந்தா பையில உரசி அவிழும்.

பிரவுன் ஷீட் போட்டா முதுகுல பேரை எழுதுங்க, இல்லன்னா பிள்ளை எடுக்காது. நாலு வயசுக்கான புத்தகத்துக்கு பிரவுன் ஷீட்டே போடாதீங்க. அது பேரைப் படிக்கறதில்ல, அட்டைப் படத்தைப் பார்த்துத்தான் எடுக்கும். சுவரை ஒட்டின அலமாரியில பையை வெச்சா ரெண்டு இன்ச்சாவது தள்ளி வைங்க. இராமபாணப் பூச்சி ஈரச் சுவர்லதான் தங்கும், கரையானும் சுவர் வழியாத்தான் ஏறும். நனைஞ்ச புத்தகத்தை வெயில்ல காய வெச்சா முறுக்கிக்கும். நிழல்ல விசிறிமாதிரி விரிச்சு நிறுத்திக் காய வெச்சு, பாதி ஈரம் போனதும் கனமான பலகை ஏத்துங்க. பசை ஒட்டின புத்தகத்தைக் குறைஞ்சது ஒரு ராத்திரி காய விட்டு, மெழுகுத் தாள் நடுவுல வெச்சுத்தான் பையில போடணும்.