டாக்டரே சொன்ன "புது வைத்தியம்": உங்களுக்கு என்ன நடந்துச்சு?

ஈசூன்காரி:
பெரியப்பாவுக்கு ரத்தக்குழாய்ல அடைப்பு. பைபாஸ்னதும் பயந்து, யாரோ சொன்ன தனியார் கிளினிக்குக்கு என்னைக் கூட்டிட்டுப் போனாரு. உள்ள சாய்வு நாற்காலியில வரிசையா பெரியவங்க, எல்லார் கையிலயும் டிரிப். "கத்தியே வேணாம் ஐயா, இது அடைப்பைக் கரைச்சிடும்"னாரு டாக்டர். கீலேஷன்! ஈய நஞ்சு ஏறினவங்களுக்குப் போடுற மருந்து அது, அதுக்கு நல்லாவே கேக்கும். இதய அடைப்புக்கு? மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளுக்குப் போட்டுப் பாத்த பெரிய ஆய்வு 2024ல வெளியாச்சு, பலன் ஒண்ணும் தெரியல. பெரியப்பாவும் சர்க்கரைக்காரர்தான்.

மெடிசேவ் (நம்ம மருத்துவச் சேமிப்புக் கணக்கு) செல்லாது, ரொக்கம் மட்டும்னு கவுண்டர்ல தாள் ஒட்டியிருந்துச்சு. எனக்கு உறுத்துச்சு. "இது சிகிச்சையா, ஆராய்ச்சியா டாக்டர்?"னு கேட்டேன். ரெண்டும்தானாம்.

அது எப்படி ரெண்டுமாகும்? டாக்டர்களைப் பதிவு செய்யுற சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தோட நெறிமுறைப்படி, துறையில பொதுவா ஏத்துக்கிட்ட வைத்தியத்தைத்தான் செய்யணும். மத்தது முறையா அனுமதி வாங்கின ஆய்வுக்குள்ள மட்டும். வழக்கமான வைத்தியம் கைவிட்ட நெருக்கடிக்கு ஒரு விலக்கு உண்டு, ஆனா பைபாஸே பண்ணலாம்கிற ஆளுக்கு அது எப்படிப் பொருந்தும்? "எந்த நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்துச்சு?"ன்னேன். வெளிய ஆள் காத்திருக்காங்கன்னு எழுந்துட்டாரு.

டாக்டரையே கேள்வி கேக்குறியான்னு பெரியப்பா வழி முழுக்க முறைச்சுக்கிட்டே வந்தாரு.

தேக்கா தம்பி:
புகார் குடுங்கக்கா. சும்மா விடாதீங்க.

பழைய நர்ஸ்:
மருத்துவ மன்றத்துக்குக் குடுக்கலாம், ஆனா மின்னஞ்சல்ல நாலு வரி தட்டிவிட்டா ஆகாதும்மா. எழுத்துல, சத்தியப் பிரமாணத்தோட குடுக்கணும். குற்றம் உறுதியானா 100,000 வெள்ளி வரைக்கும் அபராதம், 3 வருஷம் வரை தற்காலிகத் தடை, மோசமான வழக்குல பதிவேட்டுலேருந்து பேரையே நீக்கிடுவாங்க. அபராதம் நம்ம கைக்கு வராது. பலபேர் அதைக் கேட்டதுமே பின்வாங்கிடுறாங்க, நான் பாத்திருக்கேன். விதி வந்தா மட்டும் ஆளுங்க நிக்கிறதில்ல: அழகுச் சிகிச்சைக்கு 2008லயே தனி வழிகாட்டி வந்துச்சு. அப்பவும் கொழுப்பைக் கரைக்கிற ஊசின்னு ஆளுங்க ஓடிக்கிட்டுத்தான் இருந்தாங்க.

தேக்கா தம்பி:
அப்போ சீன வைத்தியரைக் கேள்வி கேக்க யாரு இருக்கா?

பழைய நர்ஸ்:
அவங்களுக்கு 2000ஆம் ஆண்டுச் சட்டம், தனி வாரியம், பதிவேடு எல்லாம் இருக்கு. நம்ம சித்த வைத்தியருக்கு அப்படிச் சட்டப் பதிவேடு கிடையாது. ஈசூன், முதல்ல பெரியப்பாவைப் பழைய இதய டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போ. பில்லைத் தூக்கிப் போட்டுடாத.