நிரல் தர ஆய்வுக் கருவியின் முகப்புத் திரையை எங்கிருந்து திருத்துவது?

மண்டபம்_நிரலர்:
வணக்கம். மீன் ஏலக் கணக்குச் செயலி ஒன்றைப் பராமரிக்கும் நாங்கள் நால்வர், எங்கள் பைத்தான் நிரலைச் சோதிக்கச் சிறிய தர ஆய்வுக் கருவி ஒன்றையும் எழுதி வைத்திருக்கிறோம். சென்ற வாரம், எடை பூச்சியம் என்று பதிவான ஒரு கூடைக்குக் கிலோ விலை கணக்கிடும் இடத்தில், ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே செயலி நின்றுவிட்டது. அந்த வரியைக் கருவி மூன்று வாரங்களுக்கு முன்பே பிடித்திருந்தது; ஆனால் வரி இறுதியில் வெற்றிடம், பெயர் நீளம் என்பன போன்ற 1,840 எச்சரிக்கைகளுக்கு நடுவே, அவற்றின் அதே சிவப்பு நிறத்தில், பதினோராம் பக்கத்தில் கிடந்தது. முகப்பில் எதை முதலில் மாற்றலாம்?

கீழக்கரை_கணினி:
எல்லாவற்றையும் சிவப்பாக்கினால் எதுவும் கண்ணில் படாது. பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டைப் பாருங்கள்: பகலில் கூம்பு, உருளை ஆகிய வடிவங்களும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் 1 முதல் 11 வரையிலான எண்களைத் தெரிவிக்கின்றன, பகலில் நிறத்தை நம்பியே இல்லை. உங்கள் திரையிலும் தீவிரத்துக்கு வடிவமும் சொல்லும் சேரட்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நிறத்தை மட்டும் கொண்டு தகவல் சொல்லக் கூடாது என்றும், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்றும், இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வழிசொல்லும் டபிள்யூசிஏஜி நெறிமுறை கூறுகிறது.

தங்கச்சிமடம்_தேவ்:
அண்ணன் சொன்னது சரி. ஆயினும் நிறத்தை மாற்றுவதற்கு முன் அந்த 1,840-ஐ முகப்பிலிருந்து அகற்றுங்கள். பழைய எச்சரிக்கைகளை அடிப்படைப் பட்டியலாக ஒதுக்கிவிட்டு, இன்றைய கமிட்டில் (பதிவுசெய்த நிரல் மாற்றத்தில்) புதிதாக நுழைந்தவற்றை மட்டும் காட்டினால், திறப்பவர் தாம் எழுதிய இரண்டு மூன்று வரிகளையே காண்பார். சோனார்கியூப் என்ற நிரல் ஆய்வுக் கருவியும் புதிய நிரலுக்குத்தான் முதலிடம் தருகிறது. ஆனால் நிரலை நிறுத்தக்கூடியவை பழையவையாயினும் முகப்பிலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் கூடைக் கணக்கு மறுபடியும் புதைந்துவிடும்.

இன்னொன்று, செய்தியின் வாசகம். “சிக்கல்தன்மை 14” என்றால் படிப்பவருக்கு என்ன செய்வதென்று விளங்காது. நிரல் எத்தனை வழிகளாகக் கிளைக்கிறது என்பதைக் காட்ட மெக்கேப் என்ற அறிஞர் 1976-இல் வகுத்த அந்த அளவுக்கு அவரே 10 என்ற வரம்பைப் பரிந்துரைத்தார் என்பதும், எந்த நிபந்தனைகள் அந்த எண்ணைக் கூட்டின என்பதும் வரிக்குப் பக்கத்திலேயே தெரிய வேண்டும். “இது பிழையன்று” என்ற பொத்தானையும் வையுங்கள். காரணம் எழுதாமல் அது அழுந்தக் கூடாது.

மண்டபம்_நிரலர்:
இருவருக்கும் மிக்க நன்றி. தேவ் சொன்னபடி இன்று வடிகட்டியதில் முகப்பில் ஏழு மட்டுமே மிஞ்சின. கூடை வரிக்குக் கீழே “எடை பூச்சியமானால் இங்கே வகுத்தல் நின்றுவிடும், எடை, படிவத்திலிருந்து சரிபார்க்கப்படாமல் வருகிறது” என்று எழுதியபின், குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேள்வி ஏதும் கேட்காமலேயே அதைத் திருத்திவிட்டார். வடிவக் குறியீடுகளை நாளை வரைகிறேன்.